எட்டும் பதினாறும்: சேமிப்பகங்களைப் பன்வழிக்குப் பதிவுசெய்யும் வழக்கத்தின் வரலாறு

ஒரு சர்வரும் அதன் தரவைத் தாங்கும் சேமிப்பகமும் ஒரே கேபிளால் இணைந்திருந்தால், அந்தக் கேபிளோ அதன் இரு முனைகளிலும் உள்ள அட்டைகளோ பழுதுபட்ட நொடியிலேயே வேலை முழுவதும் நின்றுபோகும் என்பதால், தரவு மையங்களில் இரண்டோ நான்கோ தனித்தனி வழிகளை அமைத்துவைப்பது நெடுநாளைய நடைமுறை. இவ்வழிகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று அடைபட்டால் மற்றொன்றில் தரவைச் செலுத்தும் மென்பொருள் அடுக்கே பன்வழி ஆதரவு; தொழிலில் இருப்போர் இதை மல்டிபாத் என்றே சொல்கின்றனர். கேபிள்களை இழுத்துச் செருகியதோடு இப்பணி முடிந்துவிடுவதில்லை. இன்ன தயாரிப்பாளரின் இன்ன பொருளைப் பல வழிகள் கொண்ட ஒரே வட்டாக நடத்தலாம் என்று இயங்குதளத்துக்கு ஒருவர் அறிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பே பதிவு. பெரும்பாலும் அது கட்டளை வரியில், அதாவது விசைப்பலகையில் எழுத்தாகத் தட்டப்படும் ஆணைகள் வழியாக, நிகழ்ந்துவந்துள்ளது. நிர்வாகிகளின் அன்றாட வேலைகளுள் சிறியதாக எண்ணப்பட்ட இப்பதிவு விட்டுச்சென்ற பட்டியல்கள், சேமிப்பகத் தொழிலின் வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத சான்றுகளாக இன்று நிற்கின்றன.

பல வழிகள் என்ற எண்ணம் பெருங்கணினிகளின் காலத்திலேயே உருவானது. ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், வட்டுகளையும் நாடா எந்திரங்களையும் மையச் செயலியோடு இணைக்கும் பணியைச் சேனல் எனப்பட்ட தனி உறுப்புகள் ஏற்றிருந்தன. எந்தச் சேனலில் எந்தக் கருவி உள்ளது என்பதை, இயங்குதளத்தை அந்த நிறுவலுக்கென்றே தொகுத்தெடுக்கும் கட்டத்தில், துளையட்டைகளில் பொறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கருவியின் முகவரிக்குள்ளேயே சேனலின் எண்ணும் அடங்கியிருந்ததால், ஒரே வட்டை இரு சேனல்கள் வழியாக அடைவது இயங்குதளத்துக்குக் கூடுதல் சுமையாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த 370-எக்ஸ்ஏ என்னும் விரிவாக்கக் கட்டமைப்பு இப்பிணைப்பை அறுத்தது: கருவிக்கு வழியைச் சாராத தனி எண் கிடைத்தது, ஒரு கருவிக்கு 8 வழிகள் வரை அனுமதிக்கப்பட்டன, எந்த வழி ஓய்வாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வன்பொருளுக்கே மாறியது. ஆனாலும் வழிகள், கட்டுப்பாட்டு அலகுகள், கருவிகள் ஆகிய மூன்றையும் வரிவரியாக அறிவிக்கும் உள்ளமைவுக் கோப்பு மறையவில்லை. எந்திரம் தானாகக் கண்டறிந்ததை நம்பாமல், மனிதர் எழுதிக்கொடுத்ததை மட்டுமே நம்பிய முறை அது. ஒரே நிறுவனம் செயலியையும் வட்டையும் செய்து விற்ற உலகில் அது தடையின்றி நடந்தது.

பல நிறுவனங்களின் பொருள்கள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கியபோது வேறொரு முறை தேவைப்பட்டது. ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் சாசி இடைமுகத்திலிருந்து வளர்ந்து, 1986இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்ட ஸ்கசி, அத்தேவைக்கு விடை தந்தது. ஸ்கசியில் ஒவ்வொரு கருவியும் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கட்டளை உண்டு. பதினாறடிமான எண்முறையில் 12 என்ற குறியெண்ணை உடைய அதன் பெயர் இன்குவயரி. சர்வர் இதை அனுப்பினால், கருவி தன்னைப் பற்றிய விவரத்தை நிலையான ஒரு வடிவில் திருப்பி அனுப்பும். அவ்வடிவில் தயாரிப்பாளரின் பெயருக்கு 8 எழுத்துகள், பொருளின் பெயருக்கு 16 எழுத்துகள், பதிப்பு எண்ணுக்கு 4 எழுத்துகள் என இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெயர் இடப்புறத்திலிருந்து தொடங்க வேண்டும், மிஞ்சிய இடங்களை வெற்றிடக் குறிகளால் நிரப்ப வேண்டும் என்பது விதி. ஒரே பெயரை இருவர் சூட்டிக்கொள்ளாதபடி, தயாரிப்பாளர் பெயர்களின் பட்டியலை ஸ்கசித் தரநிலைகளை வகுக்கும் டி10 குழு பேணிவருகிறது. எட்டும் பதினாறும் சேர்ந்த இந்த 24 இடங்களே பின்னாளில் பன்வழிப் பதிவின் அடிப்படை அலகாயின. தரநிலையை எழுதியவர்கள் அத்தகைய பயனை மனத்தில் கொண்டிருக்க வாய்ப்பில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிவதற்காக வைத்த பெயர்ச்சீட்டு, எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிப்பதற்கான சான்றிதழாகப் பயன்பட்டது.

அந்த ஊகத்துக்கு அவசியம் நேர்ந்தது 1990களில். 1994இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஃபைபர் சேனல், ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்த ஸ்கசி உரையாடலை ஒளியிழைகள் வழியே கட்டடம் முழுவதற்கும் நீட்டித்தது. இரு இணைப்பு அட்டைகள் கொண்ட சர்வரும், கண்ட்ரோலர் எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகைகள் இரண்டு கொண்ட சேமிப்பகமும் இணைப்பு வலையில் சேர்ந்தால், ஒரே வட்டுப் பகுதிக்கு நான்கு வழிகள் உண்டாகின்றன. பன்வழி அறியாத இயங்குதளத்துக்கு அவை நான்கு தனி வட்டுகளாகவே தெரிகின்றன. முன்வாசல் வழியாகவும் கொல்லைவாசல் வழியாகவும் ஒரே வீட்டுக்குள் நுழைந்த கணக்கெடுப்பாளர் இரண்டு வீடுகள் என்று எழுதிக்கொள்வதைப் போன்ற பிழை இது. ஆனால் விளைவு கணக்குப் பிழையோடு நிற்பதில்லை. ஒரே வட்டுப் பகுதியை இரு வட்டுகளாக எண்ணி இரு புறமும் எழுதத் தொடங்கினால், கோப்பமைப்பு சிதைந்து தரவு மீளாமல் போகும். இரு வழிகளும் சென்று சேர்வது ஒரே இடத்தில்தான் என்பதை உறுதிசெய்ய, இன்குவயரி கட்டளையின் துணைப் பக்கமான 83இல் உலகளவில் தனித்துவமான அடையாள எண்ணைத் தரும் வசதி ஸ்கசியில் சேர்ந்தது. இன்றும் பன்வழி மென்பொருள்கள் வழிகளை ஒன்றுசேர்ப்பது பெரும்பாலும் இப்பக்கத்தைப் படித்தே.

வழிகள் ஒன்றே என்று அறிந்துகொண்டால் மட்டும் போதாது, அவை சமமானவையா என்பதையும் அறிய வேண்டும். இங்கேதான் தயாரிப்பாளரின் பெயர் இன்றியமையாததாயிற்று. ஈஎம்சி நிறுவனம் 1990இல் வெளியிட்ட சிம்மெட்ரிக்ஸ் போன்ற பெருஞ்சேமிப்பகங்களில் எந்த வழியாக வந்தாலும் வட்டு ஒரே விதமாகப் பதிலளிக்கும். டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் கிளாரியன் போன்ற நடுத்தரச் சேமிப்பகங்களில் நிலைமை வேறு: ஒவ்வொரு வட்டுப் பகுதியும் இரு கண்ட்ரோலர்களுள் ஒன்றுக்கே உரியது, மற்றதன் வழியாகத் தரவைப் பெற வேண்டுமானால், உரிமையை அங்கே மாற்றும்படி தனி ஆணை அனுப்ப வேண்டும். இந்த உரிமை மாற்றத்துக்கு டிரெஸ்பாஸ் என்று பெயர். இதை அறியாத இரண்டு சர்வர்கள் ஒரே பகுதியை ஆளுக்கொரு கண்ட்ரோலர் வழியாகக் கேட்டால், உரிமை இங்குமங்கும் பந்தாடப்பட்டு, வேலை எதுவும் நடக்காமல் சேமிப்பகம் மூச்சுத்திணறும். ஆணையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. எனவே பெயரைப் பார்த்து நடத்தையை முடிவுசெய்வது அன்றைக்கு இருந்த ஒரே வழி. அதை மெத்தனம் என்று பிற்காலத்தார் குறைகூறுவது நியாயமன்று.

அந்த அறிவு முதலில் விற்பனைப் பொருளாகவே இருந்தது. ஈஎம்சியின் பவர்பாத், ஹிட்டாச்சியின் டைனமிக் லிங்க் மேனேஜர், ஐபிஎம்மின் சப்சிஸ்டம் டிவைஸ் டிரைவர், காம்பாக்கின் செக்யூர்பாத், எல்எஸ்ஐயின் ஆர்டேக் என ஒவ்வொரு நிறுவனமும் தன் சேமிப்பகத்துக்கென்று தனி மென்பொருளை வழங்கியது. ஒரே சர்வரில் இரு நிறுவனங்களின் சேமிப்பகங்களை இணைக்க முயன்றவர்கள் இரு மென்பொருள்களின் மோதலைச் சமாளிக்க வேண்டியிருந்தது. வெரிடாஸ் நிறுவனத்தின் டைனமிக் மல்டிபாத்திங் இதிலிருந்து விலகி, பல நிறுவனங்களின் சேமிப்பகங்களுக்கும் பொதுவான அடுக்காக வளர்ந்தது. அதில் ஒவ்வொரு வகைச் சேமிப்பகத்துக்கும் ஒரு நூலகக் கோப்பு உண்டு, நூலகம் இல்லாதவற்றை விஎக்ஸ்டிடிஎல்ஏடிஎம் என்ற கட்டளையால் தயாரிப்பாளர், பொருள் ஆகிய இரு பெயர்களையும் கொடுத்துச் சாதாரண வட்டுத் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். நிர்வாகியே கட்டளை வரியில் ஒரு கருவிக்குப் பொறுப்பேற்கும் வழக்கம் தெளிவான வடிவம் பெற்ற இடங்களுள் இது ஒன்று.

யுனிக்ஸ் இயங்குதளங்கள் பன்வழியைத் தமக்குள்ளேயே கொண்டுவந்தபோது, பதிவு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தோற்றம் எடுத்தது. சன் நிறுவனத்தின் சோலாரிஸில், தன் சொந்தச் சேமிப்பகங்களை அமைப்பு தானே அறிந்துகொண்டது. பிற நிறுவனங்களுடையவற்றை ஸ்கசி_விஹெச்சிஐ என்ற இயக்கி மென்பொருளின் உள்ளமைவுக் கோப்பில், தயாரிப்பாளர் பெயரை 8 இடங்களுக்கு நிரப்பி, அடுத்து பொருளின் பெயரை ஒட்டி, சமவழிச் சேமிப்பகம் என்ற குறிப்போடு எழுத வேண்டியிருந்தது. பன்வழியை இயக்கவும் நிறுத்தவும் எஸ்டிஎம்எஸ்பூட் என்ற கட்டளையும், வழிகளைப் பார்வையிட எம்பாத்ஏடிஎம் என்ற கட்டளையும் பின்னர் வந்தன. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், 2002இல் வந்த 5.2 பதிப்பில் பன்வழியை உள்ளடக்கியது; அங்கே கருவிகளின் விவரம் இயங்குதளத்தின் தரவுத்தளத்தில் இருக்கும், புதிய சேமிப்பகத்துக்கு அதன் தயாரிப்பாளர் தரும் தொகுப்பை நிறுவினால் தரவுத்தளத்தில் புதிய வரிகள் சேரும். 2007இல் வந்த ஹெச்பி-யுஎக்ஸ் 11ஐ மூன்றாம் பதிப்பில் பன்வழி இயல்பாகவே இயங்கியது. இன்ன பொருள்களுக்கு இன்ன அமைப்பு என்று வகைப்படுத்த விரும்பினால் மட்டும் எஸ்சிஎஸ்ஐஎம்ஜிஆர் கட்டளையால் பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டியிருந்தது.

விண்டோஸின் கதை இவற்றைவிட விரிவாகப் பார்க்கத் தக்கது, ஏனெனில் பதிவு என்ற செயல் அங்கேதான் மறைவின்றி வெளிப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் தொடக்கத்தில் எம்பிஐஓ என்ற அடிப்படைச் சட்டகத்தை மட்டும் சேமிப்பக நிறுவனங்களுக்கு வழங்கியது. தத்தம் கருவிக்குரிய பகுதியை, டிஎஸ்எம் எனப்படும் கருவிசார் கூற்றை, அந்நிறுவனங்களே எழுதிக்கொண்டன. விண்டோஸ் சர்வர் 2008இல் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பொது டிஎஸ்எம் இயங்குதளத்தோடு சேர்ந்து வந்தது. அது எந்தச் சேமிப்பகத்தைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்பதை, விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் ஆதரிக்கப்படும் கருவிகளின் பட்டியல் என்ற பெயரில் உள்ள பதிவு தீர்மானிக்கிறது. அப்பட்டியலில் பெயர் சேர்க்கும் கட்டளையே எம்பிகிளெய்ம். கட்டளையை அடுத்து, முடிந்ததும் சர்வரை மறுதொடக்கம் செய்ய ஒரு குறியும், ஆதரவை நிறுவ ஒரு குறியும், குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும் என்று சொல்ல ஒரு குறியும் இட்டு, இறுதியில் மேற்கோள் குறிகளுக்குள் அந்த 24 இடப் பெயரைத் தட்ட வேண்டும்.

இங்கே வெற்றிடங்கள் எழுத்துகளுக்கு ஈடான மதிப்பைப் பெறுகின்றன. கிளாரியன் வழிவந்த சேமிப்பகங்கள் தயாரிப்பாளர் பெயராக டிஜிசி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், பொருள் பெயராக விரெய்ட் என்ற ஐந்து எழுத்துகளையும் சொல்லுமாதலால், முதற்பெயருக்குப் பின் 5 வெற்றிடங்களும் இரண்டாவதற்குப் பின் 11 வெற்றிடங்களும் வர வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தால் பெயர் பட்டியலில் இருக்கும், கருவியோடு பொருந்தாது. நான்கு வழிகளும் நான்கு வட்டுகளாகவே தொடரும். இக்காரணத்தால், இணைந்துள்ள சேமிப்பகங்கள் உண்மையில் என்ன பெயரைச் சொல்கின்றன என்று காட்டும் வேறொரு குறியும் அதே கட்டளையில் வைக்கப்பட்டது. அனுபவமுள்ளோர் முதலில் அதை இயக்கி, திரையில் வந்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்வர். பட்டியலின் வரைகலைச் சாளரத்தில் எடுத்துக்காட்டாக முன்கூட்டியே இடப்பட்டுள்ள வரியும் இதே பாடத்தைக் கற்பிப்பது: முதற்சொல்லோடு 8 என்ற எண்ணும், இரண்டாம் சொல்லுக்குப் பின் உரிய இடைவெளி விட்டு 16 என்ற எண்ணும் சரியாக அந்தந்த எல்லையில் முடியும்படி அது எழுதப்பட்டிருக்கிறது.

2004இல் தரநிலையான ஐஸ்கசி, சாதாரண ஈதர்நெட் வலையமைப்பிலேயே ஸ்கசி உரையாடலை நடத்த வழிசெய்தபோது, எண்ணற்ற சிறு தயாரிப்பாளர்கள் களத்துக்கு வந்தனர். ஒவ்வொரு பெயரையும் பதிவது இயலாத காரியமாகவே, ஐஸ்கசி வழியே வரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் பட்டியலின் வடிவத்தை மாற்றவில்லை; உலகில் இல்லாத ஒரு கருவிக்குப் பெயர் சூட்டினர். அப்பெயரின் தயாரிப்பாளர் பகுதி நிறுவனத்தின் நான்கெழுத்துச் சுருக்கத்தையும் 2005 என்ற எண்ணையும் கொண்டு சரியாக 8 இடங்களை நிரப்புகிறது. பொருள் பகுதி ஐஸ்கசி இணைப்பு வகையின் பெயரையும் அதன் குறியெண்ணான 9ஐயும் கொண்டு சரியாக 16 இடங்களை நிரப்புகிறது. பிறகு எஸ்ஏஎஸ் இணைப்புக்கும் 2011 என்ற எண்ணோடு இதே பாணியில் ஒரு பெயர் பிறந்தது. பழைய வடிவத்தை உடைக்காமல் புதிய பொருளை அதற்குள் பொருத்திய இந்த உத்தி, இத்தொழிலின் மனப்போக்கை எந்த ஆவணத்தையும்விட நன்றாக எடுத்துரைக்கிறது. விண்டோஸ் சர்வர் 2012 முதல், பவர்ஷெல்லில் தயாரிப்பாளர் பெயரையும் பொருள் பெயரையும் தனித்தனியாகத் தரும் கட்டளைகளும் கிடைக்கின்றன.

லினக்ஸ் வேறொரு பாதையைத் தேர்ந்தது. 2005இல் அதன் கருநிரலில் டிவைஸ் மேப்பர் வழிப் பன்வழி சேர்ந்தது. கிறிஸ்டோஃப் வரோக்கி தொடங்கிய மல்டிபாத்-டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பு அதை இயக்கும் கட்டளைகளைத் தந்தது. இத்தொகுப்பின் மூலநிரலுக்குள்ளேயே வன்பொருள் அட்டவணை ஒன்று உள்ளது. இன்ன தயாரிப்பாளர், இன்ன பொருள், வழிகளை எப்படிக் குழுவாக்குவது, முன்னுரிமையை எதைக் கொண்டு கணிப்பது, எல்லா வழிகளும் அடைபட்டால் எத்தனை முறை முயல்வது என ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் சில வரிகள் அதில் உண்டு. அட்டவணையில் இல்லாததை நிர்வாகி தன் உள்ளமைவுக் கோப்பில் எழுதி, மல்டிபாத் கட்டளையால் சரிபார்த்துக்கொள்ளலாம். பிற இயங்குதளங்களில் நிறுவனங்களின் பூட்டிய பெட்டிக்குள் இருந்த அறிவு இங்கே யாரும் படிக்கத்தக்க பொதுச்சொத்தானது என்பதே முக்கியம். கிளாரியனுக்குரிய பதிவில் எல்யுஎன்இசட் என்ற பெயருள்ள வட்டை ஒதுக்கிவிடும்படி ஒரு குறிப்பு உண்டு. வட்டு எதுவும் ஒதுக்கப்படாத சர்வருக்கும் சேமிப்பகத்தோடு பேச ஒரு வாயில் இருக்கட்டும் என்று அச்சேமிப்பகம் காட்டும் பொய்வட்டு அது. இத்தகைய நுட்பங்கள் விளம்பரக் கையேடுகளில் இடம்பெறுவதில்லை.

விஎம்வேர் 2009இல் வெளியிட்ட விஸ்பியர் 4, விதிகளின் அடிப்படையில் இயங்கும் பன்வழிக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது: பெயருக்கு ஏற்பச் சேமிப்பகத்தின் நடத்தையை அறிந்த ஒரு கூறும், வழியைத் தேர்ந்தெடுக்கும் மற்றொரு கூறும் இணைக்கப்படும். புதிய சேமிப்பகம் வாங்கியவர்கள் இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ கட்டளையால் விதி ஒன்றைச் சேர்ப்பர். சுழற்சி முறையில் வழி மாறுவதற்குள் எத்தனை கோரிக்கைகள் செல்லலாம் என்பதையும் அவ்விதியிலேயே குறிக்கலாம். இயல்பாக அது 1000. பியூர் ஸ்டோரேஜ் போன்ற ஃபிளாஷ் சேமிப்பக நிறுவனங்கள் அதை 1 என்று மாற்றப் பரிந்துரைத்தன.

இப்பட்டியல்கள் அனைத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்குத் தெரிய வருவது, பெயர்கள் நிறுவனங்களைவிட நீண்ட ஆயுள் கொண்டவை என்பது. டேட்டா ஜெனரலை ஈஎம்சி 1999இல் வாங்கியது. ஈஎம்சியை டெல் 2016இல் வாங்கியது. ஆயினும் அவ்வழிவந்த யூனிட்டி சேமிப்பகங்கள் இன்குவயரிக்குச் சொல்லும் பெயர் டேட்டா ஜெனரல் கார்ப்பரேஷனின் முதலெழுத்துகளான டிஜிசியே. ஆங்கிலத்தில் 10 எழுத்துகள் கொண்ட கம்பெலன்ட் என்ற பெயர் 8 இடங்களுக்குள் அடங்காததால், இரண்டு எழுத்துகளை உதிர்த்துவிட்ட வடிவிலேயே அது தரநிலைக்குள் நுழைந்தது. டெல் அந்நிறுவனத்தை 2011இல் வாங்கிய பிறகும் அவ்வடிவம் மாறவில்லை. 2010இல் ஹெச்பி வாங்கிய 3பார் நிறுவனத்தின் பெயரும் அப்படியே நீடித்தது. காரணம் பழம்பற்று அன்று. பெயரை ஓர் எழுத்து மாற்றினாலும், உலகெங்கும் சர்வர்களில் நிர்வாகிகள் பதிந்துவைத்த வரிகள் ஒரே நாளில் பொருந்தாமற்போய், அடுத்த மறுதொடக்கத்தில் வட்டுகள் சிதறித் தெரியும். நிறுவனத்தை விலைக்கு வாங்கியவருக்கும் அந்தப் பெயரை மாற்றும் துணிவு வரவில்லை.

பெயரை நம்பும் முறைக்கு மாற்று, சேமிப்பகமே தன் நடத்தையைச் சொல்லட்டும் என்பது. 2005இல் வெளியான எஸ்பிசி-3 தரநிலையில் இடம்பெற்ற அலுவா, எந்த வழி சிறந்தது, எது இரண்டாந்தரம், எது காத்திருப்பில் உள்ளது என்பதைச் சேமிப்பகமே பொதுவான ஒரு கட்டளைக்குப் பதிலாகத் தெரிவிக்கும் ஏற்பாட்டைத் தந்தது. அந்தத் திறன் தனக்கு உண்டு என்பதை இன்குவயரி பதிலிலேயே இரண்டு பிட்டுகளால் அது அறிவித்துவிடும். அலுவாவுக்குப் பின் அட்டவணைகள் சுருங்கியிருக்க வேண்டும், ஆனால் அவ்வாறு நிகழவில்லை. நேர வரம்புகள், மறுமுயற்சிகள், சுழற்சி அளவு போன்ற நுண்ணமைப்புகளுக்குப் பெயரே தொடர்ந்து திறவுகோலாக இருந்தது. என்விஎம்இ என்னும் புதிய நெறிமுறை இன்னும் ஒரு படி சென்றது. 2018இல் வெளிவந்த லினக்ஸ் 4.15 கருநிரலில், தயாரிப்பாளர் பெயரைப் பார்க்காமல், வட்டுப் பகுதி தரும் தனித்துவ அடையாளத்தைக் கொண்டே வழிகளை ஒன்றுசேர்க்கும் பன்வழி உள்ளமைந்தது. நிர்வாகி எதையும் பதியத் தேவையில்லை.

இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய சேமிப்பகங்களை அகற்றும் நிறுவனங்கள், அவற்றோடு சர்வர்களையும் அவற்றின் உள்ளமைவுக் கோப்புகளையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. ஓர் எந்திரம் பழுதின்போது உண்மையில் எப்படி நடந்துகொண்டது, எந்த வரம்பை நிர்வாகி ஏன் மாற்றினார் என்பதற்கு அக்கோப்புகளே நேர்ச்சான்று. விற்பனைக் கையேடு அதற்கு ஈடாகாது. லினக்ஸின் அட்டவணை பொதுவெளியில் இருப்பதால் தப்பியது. சோலாரிஸ், ஏஐஎக்ஸ், விண்டோஸ் சர்வர்களில் தனித்தனியாக எழுதப்பட்டவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தரவு மையங்களைப் பராமரிப்போர், ஒரு சேமிப்பகத்தின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் முன், அதற்குரிய பதிவு வரிகளைத் தேதியோடும் காரணத்தோடும் நகலெடுத்து நிறுவன ஆவணங்களில் சேர்த்துவைக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.